மூன்றாம் அறையின் அகலம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று தண்டுவட மரப்பு நோய் என்பதாகும். கடினமானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்டு பிறந்த ஸ்கிளிரோசிஸ் என்ற பெயர், பாதிக்கப்பட்ட நரம்புத் திசு தழும்பேறி இறுகிவிடுவதைக் குறிக்கிறது. அந்த இறுக்கத்தையும், நோயுற்றவர் தம் கைகால்களில் உணரும் மரத்துப்போதலையும் மரப்பு என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்வது அத்தமிழாக்கத்தின் அழகு. ஆயினும் பெயரின் முற்பாதியில் ஒரு விடுபாடு இருக்கிறது. இந்நோய் தண்டுவடத்தைத் தாக்குவது போலவே மூளையையும் பார்வை நரம்பையும் தாக்குகிறது. மூளையில் அது ஏற்படுத்தும் சேதம் நடையைக் கெடுப்பதோடு நினைவையும் கவனத்தையும் சிந்தனையின் வேகத்தையும் கெடுக்கிறது. பெயரோ தண்டுவடத்தோடு நின்றுவிடுகிறது. காலும் கையும் தளர்வதே இந்நோயின் முகம் என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த நீண்ட காலம் ஒன்றின் தடம் அப்பெயரில் படிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புச் செறிந்த உறை பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கிறது. மின்கம்பியின் மேலுறை என்று அதைப் பள்ளிப் பாடங்கள் ஒப்பிடுவதுண்டு. அந்த ஒப்பீட்டில் பாதி உண்மைதான் இருக்கிறது. மயலின் காப்பதோடு நிற்பதில்லை, வேகத்தையும் தருகிறது: உறையில் சீரான இடைவெளிவிட்டு அமைந்த சிறு திறப்புகளில் தாவித் தாவிச் செல்லும் நரம்புச் செய்தி, தடித்த உறையுள்ள இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் அளவுக்கு விரைய, உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் என்ற வேகத்தில் ஊர்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் இவ்வுறையைப் பகையெனக் கொண்டு அரிக்கின்றன. அரிபட்ட இடத்தில் செய்தி தாமதிக்கிறது, சில வேளை நின்றேவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் புரூஸ் டிராப்பின் குழுவினர் காட்டியபடி, உறை மட்டுமல்லாமல் உள்ளிருக்கும் இழையே அறுபட்டுப்போவதும் அழற்சி மிகுந்த இடங்களில் பெருமளவில் நிகழ்கிறது. சிந்தனை என்பது ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மூளைப் பகுதிகள் உரிய கணத்தில் ஒத்திசைந்து செய்யும் வேலையாதலால், இந்நோயில் பெரும்பாலும் முதலில் குன்றுவது வேகம். அதனைத் தொடர்ந்து, புதியதைக் கற்றுக்கொள்வதும், கற்றதை வேண்டும்போது மீட்டெடுப்பதும், இரண்டு வேலைகளை ஒருசேரக் கையாள்வதும் கடினமாகின்றன. பெயர்களும் முகங்களும் கரைந்துபோகும் அல்சைமர் நோயின் காட்சிக்கே பழகிய குடும்பத்தினர், சொல்வளம் குன்றாமல் பேச்சுச் சரளம் கெடாமல் இருக்கும் ஒருவரிடம் தோன்றும் இத்தளர்ச்சியை நோயாக எண்ணாமல் கவனக்குறைவு என்றோ அசட்டை என்றோ எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் 1868-இல் இதனைத் தனி நோயாக வரையறுத்து விளக்கிய ழான் மார்ட்டின் ஷார்கோ, நடுக்கத்தையும் கண்ணசைவுக் கோளாற்றையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் கூறியதோடு, நோயாளிகளின் நினைவாற்றல் குறைவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறித்துவைத்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு கடைசி இரண்டையும் நழுவவிட்டார்கள். 1926-இல் லண்டனில் 100 நோயாளிகளை ஆராய்ந்த காட்ரெலும் கின்னியர் வில்சனும் அவர்களிடம் காணப்பட்ட காரணமற்ற மகிழ்ச்சி மனநிலையைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அறிவுத்திறன் குறைவதை அரிதான ஒன்றாகக் கருதினார்கள். நோயின் கடுமையை எண்ணால் குறிக்க அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கே 1955-இல் வகுத்து 1983-இல் விரிவாக்கிய அளவுகோல், இன்றும் உலகெங்கும் மருந்தாய்வுகளில் கையாளப்படுவது, 0-இல் தொடங்கி இறப்பைக் குறிக்கும் 10-இல் முடிகிறது. அதன் நடுப்பகுதியில் மதிப்பெண்ணை முடிவுசெய்வது நடை: துணையின்றி 500 மீட்டர் நடந்தால் 4, ஒரு கைத்தடியோடு 100 மீட்டர் நடந்தால் 6, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டால் 7. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தும் மனத்தில் வாங்க முடியாத ஒரு கணக்காளர், நன்றாக நடக்கக்கூடியவரானால், இந்த அளவுகோலில் ஏறக்குறைய நலமுடையவராகவே பதிவாவார். காலைக் கொண்டு மூளையை அளந்த காலம் அது.

அந்தக் கணக்கைத் திருத்திய ஆய்வுகளுள் முக்கியமானது 1991-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியிலிருந்து ஸ்டீபன் ராவ் குழுவினர் வெளியிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்போரை விட்டுச் சமூகத்தில் வாழ்ந்துவந்த 100 நோயாளிகளையும், வயதிலும் கல்வியிலும் அவர்களுக்கு ஒப்பான 100 நலமுடையோரையும் ஒரே தேர்வுகளுக்கு உட்படுத்தியபோது, நோயாளிகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரிடம் அறிதிறன் குறைபாடு காணப்பட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சி, அத்தகையோர் வேலையில் நீடிப்பதும் நட்பு வட்டங்களில் பங்கெடுப்பதும், அதே அளவு உடல் ஊனமுள்ள பிறரைவிடக் குறைவு என்றும் காட்டியது. ஷார்கோ எழுதிவைத்த ஒரு வரியை மருத்துவம் மீண்டும் கண்டெடுக்க 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இத்தளர்ச்சியை அளக்க இன்று மிகுதியும் பயன்படுவது குறி-எண் தேர்வு எனத்தக்க ஒரு தாள். ஒன்பது வடிவங்களுக்கு 1 முதல் 9 வரை எண்கள் ஒதுக்கப்பட்ட அட்டவணை தாளின் தலைப்பில் இருக்கும். கீழே வரிசையாக நிற்கும் வடிவங்களுக்குரிய எண்களை 90 நொடிகளுக்குள் எத்தனை இயலுமோ அத்தனை சொல்லிச்செல்ல வேண்டும். கை தளர்ந்தவருக்கு அநீதி நேரக்கூடாது என்பதற்காக எழுதுவதைவிட வாயால் சொல்லவைப்பதே இந்நோயில் பெருவழக்கு. பார்ப்பது, தேடுவது, ஒரு கணம் நினைவில் நிறுத்துவது, சொல்வது என்ற நான்கும் இடைவிடாமல் சுழல வேண்டியிருப்பதால், எங்கே ஒரு கண்ணி தளர்ந்தாலும் எண்ணிக்கை குறைகிறது. நான்கு புள்ளிகள் குறைந்தாலே அது அன்றாட வாழ்வில் உணரத்தக்க மாற்றம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பென்சிலுக்கும் தாளுக்கும் ஆகும் செலவில் முடியும் இத்தேர்வையும், மூளையைப் படமெடுக்கும், கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள காந்தக் கருவியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் மூளைப் படங்களின் வரலாறு விளங்கத் தொடங்குகிறது.

1981-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் யங்கும் உடன் பணியாற்றியவர்களும் காந்த ஒத்ததிர்வு முறையால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தபோது, எக்ஸ்-கதிர் கொண்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குத் தென்படாத பல திட்டுகள் வெளிப்பட்டன. எம்.ஆர்.ஐ. என்று இன்று எல்லாரும் அறிந்த இக்கருவி, உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப் புலத்தில் ஒருமுகப்படுத்தி, ரேடியோ அலையால் அசைத்து, அவை பழைய நிலைக்கு மீளும்போது விடுக்கும் குறிப்பைப் படமாக்குகிறது. மயலின் சிதைந்த இடத்தில் கொழுப்புக் குறைந்து நீர் மிகுவதால், குறிப்பிட்ட அமைப்புகளில் எடுத்த படத்தில் அவ்விடம் வெண்மையாக ஒளிர்கிறது. மூளையின் உள்ளறைகளைச் சுற்றி, அவற்றுக்குச் செங்குத்தாக, விரல்களை நீட்டியது போல் கிடக்கும் நீள்வட்ட வெண்திட்டுகள் இந்நோயின் அடையாளமாயின. 1916-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் நுண்ணோக்கியில் கண்டு வரைந்த வடிவங்கள் இவை என்பதால் டாசன் விரல்கள் என்ற பெயரையும் பெற்றன. 1993-இல் பீட்டா இண்டர்ஃபெரான் ஊசி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, அது வெண்திட்டுகளைக் குறைத்தது என்ற படச்சான்று பெரும் வலுவாக இருந்தது. 2001-இல் இயன் மெக்டொனால்ட் தலைமையில் வகுத்த நெறிகள் நோயைத் தீர்மானிப்பதில் திட்டுகளின் எண்ணிக்கைக்கும் இருப்பிடத்துக்கும் முறையான இடம் அளித்தன. இவ்வாறாக இருபது ஆண்டுகளில் நோய் என்பதே வெண்திட்டு என்று ஆகிவிட்டது.

இங்கேதான் இடறல் நேர்ந்தது. திட்டுகள் மிகுந்தவருக்குச் சிந்தனை மிகக் குறைந்திருக்க வேண்டும், குறைவானவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்ற எளிய எதிர்பார்ப்பைப் படங்கள் பொய்யாக்கின. மூளை முழுவதும் வெண்மை சிதறிக் கிடக்கும் ஒருவர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்க, நாலைந்து புள்ளிகள் மட்டுமே உள்ள இன்னொருவர் அடுப்பில் பால் வைத்ததை மறந்துகொண்டிருந்தார். தொடர்பு அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. திட்டுகளின் மொத்தக் கொள்ளளவுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையே மிதமான உறவு ஒன்று தொடர்ந்து காணப்பட்டே வந்தது. ஆனால் நோயின் கதையைச் சொல்ல அந்த உறவு போதவில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கதிரியல் அறிஞர் ஃபிரெடரிக் பர்காஃப் இதனை மருத்துவத்துக்கும் படத்துக்கும் இடையிலான முரண் என்ற பெயரில் விவாதித்தார். முரண் என்ற சொல்லில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது: இயற்கை புதிராக நடந்துகொள்கிறது என்பது போன்ற தொனி அதில் கேட்கிறது. உண்மையில் புதிர் இயற்கையிடம் இல்லை. கருவி எதை ஒளிரச் செய்ததோ அதை மட்டும் எண்ணிவிட்டு, எண்ணப்படாததால் மற்றவை இல்லையென்று கொண்டதன் விளைவே அது.

எண்ணப்படாத பகுதிகளுள் பெரியது பெருமூளைப் புறணி. நரம்பணுக்களின் உடல்கள் செறிந்த சாம்பல்பொருளால் ஆன, சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள இந்த மேற்பரப்பைக் கொண்டுதான் மனிதர் திட்டமிடுகிறார், சொல் தேடுகிறார், நினைவை இணைக்கிறார். இந்நோய் வெண்பொருளின் நோய், அதாவது உறையுள்ள இழைகள் ஓடும் உட்பகுதியின் நோய் என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1962-இல், பிரிட்டனில் பெட்டி பிரௌனெலும் டிரெவர் ஹியூஸும் இறந்த 22 பேரின் மூளைகளில் 1,594 திட்டுகளை எண்ணி, அவற்றில் ஏறத்தாழ 26 விழுக்காடு சாம்பல்பொருளை முழுதாகவோ ஓரளவோ தொட்டிருப்பதைக் காட்டினார்கள். நுண்ணோக்கியின் வழியே ஒவ்வொன்றாக எண்ணிப் பெற்ற அந்த எண்ணிக்கை, மின்னணுப் படங்களின் பளபளப்புக்கு முன்னால் நெடுநாள் மங்கியே கிடந்தது. படத்தில் அவை தெரியாமற்போனதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு: புறணியில் இயல்பாகவே மயலின் குறைவாதலால் அது போனாலும் படத்தின் செறிவு பெரிதாக மாறுவதில்லை, அங்கே அழற்சி அணுக்கள் குவிவதும் குறைவு, அருகிலேயே நிறைந்திருக்கும் மூளைத்தண்டுவட நீரின் ஒளி அவ்விடத்தை விழுங்கிவிடுகிறது. 2000-க்குப் பின், நீரின் குறிப்பையும் வெண்பொருளின் குறிப்பையும் ஒருசேர அடக்கிவிட்டுப் புறணியை மட்டும் மேலெழுப்பும் இரட்டைத் தலைகீழாக்க முறை என்ற படமுறை இந்நோயில் பயன்படத் தொடங்கியபோது, மறைந்திருந்த திட்டுகளில் ஒரு பகுதி முதன்முறையாக உயிருள்ளவரிடமே தென்பட்டது. புறணித் திட்டுகள் மிகுந்தவர்களிடம் அறிதிறன் குறைபாடும் மிகுந்திருப்பதை இத்தாலிய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஆயினும், புறணியின் மேல்விளிம்பில் மூளைச் சவ்வை ஒட்டிப் படரும் திட்டுகள், எண்ணிக்கையில் மிகுதியான வகையாயிருந்தும், வழக்கமான கருவிகளுக்கு இன்றும் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. ஆய்வுக்கூடங்களில் உள்ள 7 டெஸ்லா வலிமைக் காந்தங்களே அவற்றை ஓரளவுக்குக் காட்டுகின்றன.

ஒளிர்வதைத் தேடுவதை விட்டுக் குறைந்துபோனதைத் தேடும் இன்னொரு வழியும் இருந்தது. நலமுடைய வயதுவந்தோரின் மூளை ஆண்டுக்கு 0.1 முதல் 0.3 விழுக்காடு வரை சுருங்கும்போது, சிகிச்சை பெறாத மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் அது 0.5 முதல் 1.35 விழுக்காடு வரை சுருங்குகிறது. அறிதிறனோடு இச்சுருக்கம் கொள்ளும் உறவு வெண்திட்டுகள் கொள்ளும் உறவைவிட வலியது. அதிலும் சுருக்கம் எங்கே நிகழ்கிறது என்பது முக்கியம். மூளையின் நடுவில் இருபுறமும் முட்டை வடிவில் அமைந்த தலாமஸ் என்ற சாம்பல்பொருள் திரள்கள், மணத்தைத் தவிர்த்த ஏனைய புலன்களின் செய்திகளைப் புறணிக்கு அனுப்பிவைப்பதோடு, புறணியின் வெவ்வேறு பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுற்றுகளிலும் இடம்பெறுகின்றன. எந்தப் பகுதியில் இழை அறுந்தாலும் அதன் மறுமுனை தலாமஸைச் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே மூளையெங்கும் சிதறி நிகழும் சிறு சேதங்களின் கூட்டுத்தொகை இந்த ஒரு இடத்தில் வந்து சேர்கிறது. ஊரின் எல்லாத் தெருக்களிலும் கடைகள் மூடத்தொடங்கினால் சந்தையின் இரைச்சல் தானே அடங்குவதைப் போன்றது இது. லண்டனில் அர்மான் எஷாகியும் உடனிருந்தோரும் 1,214 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவும், தலாமஸ் உள்ளிட்ட ஆழ்ந்த சாம்பல்பொருள் பகுதிகளே விரைந்து சுருங்குகின்றன என்பதாகும்.

தலாமஸ் என்பது உள்ளறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அறை என்று பெயர் பெற்ற அதுவோ திண்ணிய திரள். உண்மையான அறை இரண்டு தலாமஸ்களுக்கும் இடையே, நீர் நிரம்பிய ஒடுங்கிய பிளவாக நிற்கிறது. உடற்கூற்றியல் அதனை மூன்றாம் அறை என்று அழைக்கும். நலமுடையவரிடம் அதன் அகலம் சில மில்லிமீட்டரே. இருபுறச் சுவர்களும் தலாமஸே ஆதலால், சுவர் மெலியும் அளவுக்கு அறை விரிகிறது. 2004-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ரால்ஃப் பெனடிக்டும் அவர் குழுவினரும் வெண்திட்டுகளின் கொள்ளளவு, கருந்துளைகள் எனப்படும் ஆழ்ந்த சேதங்களின் அளவு, மூளையின் மொத்தச் சுருக்கம் முதலியவற்றையெல்லாம் ஒப்பிட்டபோது, அறிதிறன் குறைபாட்டை முன்கூட்டிச் சொல்வதில் எல்லாவற்றையும் விஞ்சி நின்றது இந்த மூன்றாம் அறையின் அகலம். மிக நுண்ணிய கணிப்புகளுக்கு நடுவே, படத்தின் மீது அளவுகோலை வைத்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய ஒரு எண் முந்தியது. இழப்பை நேரே காண முடியாதபோது இழப்பால் விரிந்த வெற்றிடத்தைக் காணலாம் என்ற இந்த உண்மையில் அறிவியலைக் கடந்தும் மனத்தைத் தொடும் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவர் இல்லாததை அறையின் விசாலம் சொல்வதை அறியாதவர் யார்?

ஆயினும் சுருக்கத்தை அளப்பது திட்டுகளை எண்ணுவதைப் போல் நேரான வேலை அன்று. மூளையின் பெரும்பகுதி நீர். போதிய நீர் அருந்தாத நாளில் எடுத்த படத்தில் மூளை சற்றுச் சிறுத்துத் தெரியும். கருவியை மாற்றினாலும், கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தாலும் அளவு மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகிப் பரவலாகப் பயன்படும் ஒரு கணிப்பு நிரலின் பிழை 0.2 விழுக்காட்டை ஒட்டியது; அதாவது நலமுடைய ஒருவர் ஓராண்டில் இயல்பாக இழக்கும் அளவும் அளவியின் பிழையும் ஏறத்தாழ ஒன்று. இதைவிடச் சிக்கலானது பொய்ச்சுருக்கம் எனத்தக்க நிகழ்வு: அழற்சியை அடக்கும் வலிய மருந்தைத் தொடங்கிய முதல் ஆண்டில், வீக்கம் வடிந்து நீர் வெளியேறுவதால் மூளை சுருங்கியதாகப் படம் காட்டும். நோய் தணிந்ததன் அடையாளத்தையே நோய் முற்றியதன் அடையாளமாகத் தவறாகப் படித்துவிட இடமுண்டு. ஆயிரம் பேரின் சராசரியில் இப்பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். ஒற்றை மனிதரிடம் அவற்றுக்குச் சமன் கிடையாது.

வெண்திட்டே இல்லாத, பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் வெண்பொருளும் இயல்பானதாக இல்லை என்பதை நீர் மூலக்கூறுகளின் பரவலை அளக்கும் படமுறை வெளிக்கொணர்ந்தது: நலமான இழைக்கற்றையில் நீர் இழையின் போக்கிலேயே பரவுகிறது, கட்டுக்கோப்பு குலைந்த இடத்தில் எல்லாத் திசையிலும் கசிகிறது. சில பழைய திட்டுகளின் ஓரத்தில் இரும்பைச் சுமந்த அழற்சி அணுக்கள் வளையமாக நிற்பதையும், அத்தகைய திட்டுகள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் புகைந்து விரிவதையும், அவை மிகுந்தவர்களிடம் ஊனமும் அறிதிறன் தளர்ச்சியும் முன்கூட்டியே வருவதையும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவற்றைவிட ஆழ்ந்து எண்ணத்தக்கவை மூளை வேலைசெய்யும் நிலையில் எடுக்கும் படங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 2002-இல் வெளியான ஆய்வொன்றில், எண்களைப் பார்த்து அடுத்தடுத்த இரண்டைக் கூட்டும் கவனத் தேர்வில் நோயாளிகளும் நலமுடையோரும் ஒரே அளவில் வெற்றிபெற்றார்கள். ஆனால் அந்த வெற்றிக்கு நோயாளிகளின் மூளையில் கூடுதலான வேறு பகுதிகளும் உழைத்திருந்ததைப் படம் காட்டியது. விடைத்தாளில் சமமாக இருப்பவர்கள் செலுத்திய விலையில் சமமாக இல்லை. நோயுற்றோர் எப்போதும் சொல்லிவரும் களைப்புக்கு, ஒரு மணி நேரக் கூட்டத்தில் அமர்ந்து எழுந்தால் நாள் முழுவதும் உழைத்தது போலாகிவிடுகிறது என்ற அந்த முறையீட்டுக்கு, இதனினும் நேரான சான்று வேண்டியதில்லை. இந்த ஈடுசெய்தலும் முடிவற்றதாகத் தெரியவில்லை. ஆம்ஸ்டர்டாமின் மென்னோ ஸ்கூன்ஹெய்ம் முன்வைத்த கருத்துப்படி, மூளையின் இணைப்பு வலை சேதத்தை ஓரளவு வரை தாங்கிச் சமாளிக்கிறது. ஒரு வரம்பைக் கடந்ததும் வலையின் செயல்திறன் விரைந்து சரிகிறது. பல ஆண்டுகள் மாற்றமின்றி இருந்தவர் ஒரே ஆண்டில் தளர்ந்துவிட்டதாகக் குடும்பம் திகைக்கும்போது, சேதம் அந்த ஓராண்டில் வந்ததன்று, சமாளிப்பு அந்த ஓராண்டில் தீர்ந்தது என்று இக்கருத்து விளக்குகிறது. இன்னும் முழுமையாக நிறுவப்படாத கருத்தாயினும் மருத்துவமனை அனுபவத்தோடு பொருந்துகிறது என்பதால் அதற்கு வலுவுண்டு.

வரம்பு எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. நியூஜெர்சியில் ஜேம்ஸ் சுமோவ்ஸ்கியும் உடன் ஆய்ந்தோரும், ஒரே அளவு மூளைச் சுருக்கம் உடையவர்களிடையே, சொல்வளமும் படிப்பும் வாசிப்பு போன்ற ஈடுபாடுகளும் நிறைந்த வாழ்வை வாழ்ந்தவர்கள் குறைவாகவே தளர்வதைக் காட்டினார்கள். இயல்பிலேயே பெரிய மூளை வாய்க்கப்பெற்றவர்களும் அவ்வாறே தாக்குப்பிடிக்கிறார்கள். மூளைச் சேமிப்பு என்றும் அறிவுச் சேமிப்பு என்றும் இவற்றை அழைக்கிறார்கள். இளமையில் படிக்கவிடப்படாத ஒரு பெண், படித்த தன் சகோதரனைவிட இந்நோயின் முன் எளிதில் நிராயுதபாணியாவாள் என்பதே இக்கண்டுபிடிப்பின் பொருள். படம் காட்டும் சேதம் உடலின் வரலாறு என்றால், அந்தச் சேதம் எவ்வளவு வலிக்கிறது என்பதில் சமூகத்தின் வரலாறும் கலந்திருக்கிறது. தேர்வுத் தாளுக்கும் இது பொருந்தும். குறி-எண் தேர்வின் மதிப்பெண்ணை வயதும் கல்வியும் பாதிப்பதால், அமெரிக்கக் கல்லூரிப் பட்டதாரிகளிடம் பெற்ற சராசரியைக் கொண்டு எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரை அளந்தால் நலமுடையவரும் நோயாளியாகத் தோன்றுவார். ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் மக்களிடமிருந்து பெற்ற அளவுகள் வேண்டும்.

இந்தியாவில் இந்நோய் அரிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது, எம்.ஆர்.ஐ. கருவிகள் நகரங்களில் பரவிய பின்னரே அது அடையாளம் காணப்படுவது பெருகியது. 1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் போன்ற அமைப்புகளின் உழைப்போடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தின் ஏட்டில் இடம் கிடைத்த பின்னும், கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை மெய்ப்பிக்கும் சுமை நோயுற்றவரிடமே இருக்கிறது. நடக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். அப்படியானால் கோப்பை ஏன் முடிக்கவில்லை என்ற அலுவலகக் கேள்விக்கு அவர் காட்டக்கூடியது ஸ்கேன் படம் ஒன்றே என்ற நிலை உருவாகும்போது, ஆய்வுக்காகப் பிறந்த படம் தீர்ப்பு மன்றமாக மாறிவிடுகிறது. திட்டுகள் பெருகவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் வாசகம், மேலே கண்டவற்றின்படி, அறிவியலால் தாங்கப்படாத வாசகம். மனச்சோர்வும் உறக்கக் குறைவும் சில மருந்துகளும்கூடச் சிந்தனையை மந்தமாக்கும் என்பதால், தளர்ச்சி முழுவதையும் படத்தில் தேடுவதும் அதே அளவு தவறு. அவை கேட்டறிய வேண்டியவை, பலவேளை தீர்க்கத் தக்கவையும்கூட.

இழந்ததை ஓரளவு மீட்கவும் வழியுண்டு என்பதால் அளப்பது வீண்வேலை அன்று. கற்க வேண்டிய சொற்களை மனக்காட்சியாகவும் கதையாகவும் கோத்து நினைவில் நிறுத்தும் பயிற்சி முறையொன்றை நியூஜெர்சியில் நான்சி சியாரவல்லோட்டி குழுவினர் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு ஆய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, பயிற்சி பெற்றோரின் கற்றல் மேம்பட்டிருந்தது. கதையாகக் கோத்தால் மனத்தில் நிற்கும் என்பது எழுத்தறியாத பாட்டிகளும் அறிந்த வழி. அது நரம்பு மருத்துவத்தின் சோதனையிலும் தேறியிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தின் சார்பில் 2018-இல் வெளியான பரிந்துரைகள், நோய் உறுதியானவுடனேயே குறி-எண் தேர்வையோ அதற்கிணையான ஒன்றையோ நடத்தி, ஆண்டுதோறும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்கின்றன. ஒருவரை அவருடைய முந்தைய ஆண்டோடு ஒப்பிடும் இம்முறையில், ஊருக்கு ஊர் மாறும் சராசரிகளின் அநீதியும் பெருமளவு குறைகிறது.

அதே ஒப்பீட்டைப் படத்திலும் செய்ய இயலும். ஆண்டுக்கொரு முறை நோயுற்றவரைக் கருவிக்குள் அனுப்பும் மருத்துவம், புதிய திட்டு உண்டா, கடோலினியம் என்ற சாயத்தை உறிஞ்சி மின்னும் திட்டு உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை பெற்றுக்கொண்டு படத்தை உறையிலிட்டு மூடிவிடுகிறது. அந்தப் படத்தின் நடுவே, இரண்டு தலாமஸ்களுக்கு இடையில், கறுத்த நீர்க்கோடாக மூன்றாம் அறையும் பதிந்தே இருக்கிறது. சென்ற ஆண்டின் படத்திலும் அதற்கு முந்தைய ஆண்டின் படத்திலும்கூட இருக்கிறது. அதன் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்ற வரி, வழக்கமான ஸ்கேன் அறிக்கைகளில் இன்றும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.